வகுப்பில் புரிந்தது தேர்வில் எங்கே போகிறது?

ஜூன் 3, காலை

கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு வாசகரின் கேள்வி: முதலாண்டு, 60 பேர், இயக்கவியல். ஒரு வகுப்பு 50 நிமிடம். நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடுகிறது. மூன்று வாரம் கழித்துத் தேர்வு வைத்தால், அதே பகுதியில் பாதிப் பேர் தாளை வெறுமையாகக் கொடுக்கிறார்கள். ஸ்லைடை விட்டுவிட்டுப் போர்டில் எழுதிப் பார்த்தாயிற்று, மெதுவாக நடத்தியும் பார்த்தாயிற்று. பேசாமல் லெக்சரையே நிறுத்திவிடலாமா?

ஜூன் 3, இரவு

முதலில் அந்தப் "புரிந்ததா?"வை நிறுத்துங்கள். அதற்கு மாணவரால் சரியான பதில் சொல்லவே முடியாது. அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது ஒவ்வொன்றும் அவருக்கு நியாயமாகவே படுகிறது, எங்கும் தடுக்கவில்லை. அப்படித் தடுக்காமல் போனதையே புரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார். அந்த வரிகளைத் தானே வரிசையாக எழுத வேண்டி வந்தால் எங்கே நிற்பார் என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

ஸ்லைடா போர்டா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். அந்த 50 நிமிடத்தில் மாணவர் தன் நினைவிலிருந்து எதையாவது வெளியே எடுத்தது எத்தனை தடவை? அதைத்தான் எண்ண வேண்டும். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் ஒரு தடவைகூட இல்லை.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை இதற்கு அச்சாகப் பொருந்தும். ஒரு குழு ஒரு உரைப்பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, அடுத்த மூன்று முறையும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. உங்கள் வகுப்பில் தலையாடுவது ஐந்தாம் நிமிடக் கணக்கு. தேர்வுத்தாளில் வருவது ஒரு வாரக் கணக்கு.

நாளைக்கே செய்யக்கூடியது: வகுப்பு தொடங்கியதும் ஆளுக்கு ஒரு வெற்றுத்தாள். புத்தகம், நோட்டு எல்லாம் மூடியிருக்கட்டும். "போன வகுப்பில் பார்த்ததை நினைவிலிருந்து எழுதுங்கள், படம் போடலாம், சமன்பாடு எழுதலாம்." மூன்று நிமிடம். பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்க இரண்டு நிமிடம். மார்க் கிடையாது. இந்த வேறு நிற மையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தனக்கு எது வரவில்லை என்பதை மாணவர் தன் கையெழுத்திலேயே பார்ப்பது அங்கேதான்.

ஜூன் 4, காலை

வெற்றுத்தாள் வகுப்பின் தொடக்கத்துக்கு. நடுவில் வேண்டியது ஒரு நல்ல கேள்வி. ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991இல் இயற்பியல் வகுப்பில் தொடங்கிய முறை இது. பக்கத்தில் இருப்பவரோடு பேசவைத்து, மறுபடி வாக்களிக்கச் சொல்வது. கேட்க எளிது, செய்யும்போது பல இடங்களில் சொதப்பும். அதனால் ஒரே ஒரு கேள்வியை முழுதாக எழுதுகிறேன்.

ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். உச்சியில் அது ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன?

அ) பூஜ்யம்
ஆ) வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர், கீழ்நோக்கி
இ) அதே அளவு, மேல்நோக்கி
ஈ) உச்சிக்கு முன் மேல்நோக்கி, பின் கீழ்நோக்கி

விடை ஆ. ஆனால் கேள்வியின் உயிர் மற்ற மூன்றில் இருக்கிறது. அ என்பவர் திசைவேகத்தையும் முடுக்கத்தையும் ஒன்றாக நினைக்கிறார். ஈ என்பவர் முடுக்கம் எப்போதும் இயக்கத்தின் திசையில்தான் இருக்கும் என்று நம்புகிறார். இ என்பவர் எறிந்த கையின் விசை இன்னும் பந்தோடு போகிறது என்று எண்ணுகிறார். ஒவ்வொரு தவறான விடைக்கும் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்க வேண்டும். சும்மா இடத்தை நிரப்ப வைத்த விடை எதையும் காட்டிக்கொடுக்காது.

நடத்தும் விதம்: கேள்வியை ஒரு முறை வாசியுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒன்றரை நிமிடம் தனியாக யோசிக்கட்டும், பேச்சு கூடாது. அடுத்தது வாக்கு. கையைத் தூக்கச் சொல்ல வேண்டாம். முதல் பெஞ்சில் நன்றாகப் படிப்பவர் எப்போது தூக்குகிறார் என்று பார்த்தே மற்றவர்கள் தூக்குவார்கள். ஒரு தாளை நான்காக மடித்து, நான்கு பக்கமும் பெரிதாக அ, ஆ, இ, ஈ. "மூன்று" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரியும்.

எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். "ஆவுக்கு நிறைய" என்று வாய் தவறி வந்துவிட்டால் அதோடு விவாதம் செத்தது, பெரும்பான்மை பக்கம் சாய்ந்துவிடுவார்கள். "உங்களிடமிருந்து வேறுபட்ட விடை வைத்திருப்பவரைக் கண்டுபிடித்து, அவரைச் சம்மதிக்க வையுங்கள்" என்று மட்டும் சொல்லி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். வரிசைகளுக்கு நடுவே நடந்து காது கொடுங்கள். திருத்தாதீர்கள். மறுபடி வாக்கு. அதன் பிறகே விளக்கம்.

விளக்கத்தையும் மாணவர் வாயிலிருந்து வரவழைக்கலாம். "உச்சியில் திசைவேகம் பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம் என்றால் அடுத்த வினாடி பந்து எங்கே இருக்கும்?" அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்று யாராவது சொல்வார், வகுப்பே அதைப் பார்த்துவிடும். அந்த ஒரு வாக்கியம் நீங்கள் போர்டில் போடும் அரைப் பக்கச் சமன்பாட்டைவிட ஆழமாக இறங்கும்.

உடனே அடுத்த கேள்வி: உராய்வில்லாத சாய்தளத்தில் மேலேறித் திரும்பும் வண்டி, திரும்பும் கணத்தில் முடுக்கம்? பந்தில் சரியாகச் சொன்னவர்களில் சிலர் இங்கே பூஜ்யம் என்பார்கள். அவர்கள் பந்தின் விடையை மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

ஜூன் 4, மாலை

காலையில் விட்டுப்போனது: முதல் வாக்கில் சரியான விடை 30 முதல் 70 சதவீதம் வரை இருந்தால்தான் பேசவிடுவதில் பலன். அதற்குக் கீழே என்றால் பேசுவதற்குக் கையில் சரக்கு இல்லாதவர்கள் ஒருவரையொருவர் குழப்புவார்கள். திரும்ப விளக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். 70க்கு மேலே என்றால் இரண்டு வரியில் விளக்கிவிட்டு நகருங்கள். இந்த எண்களைக் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 28 வந்தாலும் பேசவிடலாம்.

ஜூன் 6

"ஒரு கேள்விக்கு எட்டு நிமிடம் போனால் சிலபஸ் எப்படி முடியும்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். இதுவரை நடத்திய அளவை அப்படியே வாயால் சொல்லி முடிக்க முடியாது. எதையாவது வகுப்பை விட்டு வெளியே எடுத்தாக வேண்டும்.

எடுக்க வேண்டியது நீளமான தீர்வுகளை. ஒரு கணக்கைப் போர்டில் 15 நிமிடம் போடுகிறீர்கள், மாணவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். அந்த 15 நிமிடமும் அவர்களுடைய கவனம் எழுத்துப் பிழை வராமல் நகல் எடுப்பதில் போகிறது. ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கக்கூடிய புதிய விஷயங்கள் நான்கு போல என்று உளவியலாளர் கோவன் 2001இல் எழுதினார். புதிதாகப் படிப்பவருக்குச் சாய்தளம், செங்குத்து எதிர்விசை (தளம் தனக்குச் செங்குத்தாகத் திருப்பித் தள்ளும் விசை), கூறுகள், உராய்வின் திசை என்றாலே நான்கும் நிறைந்தது. அதற்கு மேல் உங்கள் கையெழுத்தையும் பார்த்து எழுத வேண்டும்.

அதனால் தீர்த்த கணக்காகவே அச்சடித்துக் கொடுங்கள். தொடக்க நிலையில் இருப்பவர் கணக்குகளைத் தானே போட்டு முட்டிக்கொள்வதைவிட, தீர்த்த கணக்கைப் படித்துக் கற்பது நன்றாக வேலை செய்கிறது என்று ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் காட்டினார்கள். சும்மா கொடுத்தால் மேய்ந்துவிட்டு வைத்துவிடுவார்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 30 பாகைச் சாய்தளம், 2 கிலோ கட்டை, உராய்வுக் கெழு 0.2, கட்டை கீழே சறுக்குகிறது, முடுக்கம் காண்க. ஆறு படிகள்: படம், விசைகள் மூன்று, அச்சைச் சாய்தளத்தோடு சேர்த்து வைப்பது, எடையைக் கூறுகளாக்குவது, செங்குத்து எதிர்விசை 17 நியூட்டனும் அதிலிருந்து உராய்வு 3.4 நியூட்டனும், கடைசியாக 9.8இலிருந்து 3.4ஐக் கழித்து 2ஆல் வகுப்பது. விடை 3.2.

முதல் தாளில் ஆறு படியும் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "ஏன்?" என்று ஒரு கோடு விட்டிருக்கும், அதை மாணவர் நிரப்ப வேண்டும். இரண்டாம் தாளில் வேறு எண்கள், ஆறாம் படி காலி. மூன்றாம் தாளில் ஐந்தும் ஆறும் காலி. இப்படிப் பின்னாலிருந்து காலி செய்துகொண்டு வந்தால் ஆறாவது தாளில் படம் மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் அவர் கையில். முன்னாலிருந்து காலி செய்யத் தொடங்காதீர்கள். முதல் படியிலேயே தடுக்கியவருக்கு மீதியைப் படிப்பதில் பிடி கிடைக்காது.

எச்சரிக்கை ஒன்று. நன்றாகத் தெரிந்தவரிடம் இதே தீர்த்த கணக்கைக் கொடுத்தால் அவருக்கு அது சுமை. ஏற்கெனவே கையில் வந்ததை மறுபடி ஒருவர் விளக்கிக்கொண்டிருப்பது எரிச்சலையும் தரும், நேரத்தையும் தின்னும். அவர்களுக்கு மூன்றாம் தாளிலிருந்தே தொடங்குங்கள்.

ஜூன் 9

சின்னக் குறிப்பு. கேள்வி கேட்டபின் எத்தனை வினாடி காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்றாக்கியதும் பதில்கள் நீண்டன, காரணம் சொல்லும் பதில்கள் கூடின, "தெரியாது" குறைந்தது. அவர் அளந்தது பள்ளி வகுப்புகளை. கல்லூரியில் கேள்வி கனமானது, அதனால் மூன்றிலும் நிற்காமல் பத்து வரை மனத்துக்குள் எண்ணலாம்.

பதில் வந்த பிறகும் மூன்று வினாடி காத்திருங்கள். இதை அனேகமாக யாரும் செய்வதில்லை. "சரி, நல்லது" என்று பாய்ந்து மூடிவிட்டால், அந்த மாணவர் சொல்லத் தொடங்கிய "ஏனென்றால்..." தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஜூன் 12

வீட்டுக் கணக்குகள் பற்றிக் கேட்டவருக்கு: ஒவ்வொரு அலகின் முடிவிலும் அதே வகைக் கணக்கு இருபது என்று கொடுப்பதை விட்டுவிடுங்கள். மூன்றாவது கணக்கிலேயே எந்தச் சூத்திரம் என்று யோசிக்க வேண்டிய தேவை போய்விடுகிறது. மீதிப் பதினேழும் எண்ணை மாற்றிப் போடும் வேலை. தேர்வில் வருவதோ தலைப்பு இல்லாத கணக்கு.

ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனை: கன அளவுக் கணக்குகளை ஒரு குழு வகைவகையாகப் பிரித்துச் செய்தது, இன்னொரு குழு கலந்து செய்தது. பயிற்சியின்போது பிரித்துச் செய்தவர்கள் 89 சதவீதம் சரி, கலந்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் பிரித்துச் செய்தவர்கள் 20, கலந்தவர்கள் 63.

செய்முறை: பத்துக் கணக்கில் நான்கு இந்த வாரத்தது, மூன்று போன வாரத்தது, இரண்டு போன மாதத்தது. பத்தாவதை விடை காணாமல், "எந்தக் கோட்பாடு, ஏன்?" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஆற்றல் அழிவின்மையா, உந்த அழிவின்மையா என்று தேர்ந்தெடுப்பதில்தான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். அதற்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பவர்கள் குறைவு.

மாணவர்கள் முணுமுணுப்பார்கள். பயிற்சியில் மார்க் குறைவதால் "இந்த முறையில் ஒன்றும் ஏறவில்லை" என்பார்கள். 2019இல் டெலோரியே குழு ஹார்வர்டிலேயே ஒப்பிட்டுப் பார்த்தது. தாங்களே முயன்று கற்ற வகுப்பில் மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் அழகான விரிவுரையைக் கேட்டபோதே அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். இதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், மேலே உள்ள நான்கு எண்களையும் போர்டில் எழுதிக் காட்டுங்கள். சொல்லாமல் தொடங்கினால் ஆறாவது வாரத்தில் முறை கவிழும், நீங்களும் மனமுடைந்து பழையபடி பேசத் தொடங்கிவிடுவீர்கள்.

ஜூன் 15

திரும்பப் படித்தால் லெக்சரையே குப்பையில் போடச் சொன்னது போல ஒலிக்கிறது. அந்தத் தொனி தவறு.

எண்கள் ஒரு பக்கம் சாய்கின்றன என்பது உண்மை. ஃப்ரீமன் குழு 2014இல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்கள் செயல்பட்ட வகுப்புகளில் 21.8. அதற்கு முன்பே 1998இல் ஹேக் 6,500க்கும் மேற்பட்ட இயற்பியல் மாணவர்களின் முன்தேர்வையும் பின்தேர்வையும் ஒப்பிட்டார். கூடியிருக்கக்கூடிய மதிப்பெண்ணில் எவ்வளவு உண்மையில் கூடியது என்பது அவரது அளவுகோல். வழக்கமான வகுப்புகளில் 0.23, மற்றவற்றில் 0.48.

ஆனால் அந்த "செயல்பட்ட" வகுப்புகளிலும் ஆசிரியர் பேசினார். கேள்வி எப்போது வருகிறது, பேச்சு எப்போது வருகிறது என்ற வரிசைதான் மாறியது. மாணவர் பந்துக் கேள்வியில் முட்டிக்கொண்டு, பக்கத்து ஆளோடு சண்டை போட்டு, "அப்படியானால் எதுதான் சரி?" என்று நிமிர்ந்து பார்க்கும் நேரத்தில் நீங்கள் பேசும் ஐந்து நிமிடம் இருக்கிறதே, அது பொன்னான விரிவுரை. காதில் விழுவதற்கு இடம் தயாராகிவிட்டது. இரண்டு அலகுகளுக்கு நடுவே உள்ள உறவைக் காட்டுவது, ஒரு நிபுணர் குழம்பும்போது எப்படி யோசிக்கிறார் என்பதைச் சத்தமாக யோசித்துக் காட்டுவது, இவற்றுக்கும் விரிவுரைதான் வேண்டும். எனவே முதல் கேள்விக்கு என் திருத்திய பதில்: நிறுத்தாதீர்கள், கேள்விக்குப் பின்னால் தள்ளி வையுங்கள்.

ஜூன் 19

பேப்பர் திருத்துவது. இதைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1912இல் ஸ்டார்ச், எலியட் இருவரும் ஒரே ஆங்கிலத் தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். 64இலிருந்து 98 வரை மார்க் வந்தது. தாள் அதேதான், திருத்திய கை மட்டும் வேறு.

ஆள்வாரியாகத் திருத்தாதீர்கள், கேள்விவாரியாகத் திருத்துங்கள். 60 பேருக்கும் முதல் கேள்வி முடிந்த பின்பே இரண்டாவது. ஒருவருடைய முதல் விடை நன்றாக இருந்தால் அதன் வாசனை இரண்டாவது விடையிலும் அடிக்கும், அது நமக்கே தெரியாது. கேள்வி மாறும்போது கட்டைக் கலைத்து அடுக்குங்கள், இல்லையென்றால் கட்டின் அடியில் இருப்பவருக்கு எப்போதும் உங்கள் களைப்புதான் கிடைக்கும். பெயரிருக்கும் பக்கத்தை மடித்துவிடுங்கள்.

பேனாவைத் தொடுவதற்கு முன் எட்டுத் தாளை வெறுமனே படியுங்கள். நீங்கள் எழுதிய விடைக்குறிப்பில் இல்லாத ஒரு சரியான வழி அந்த எட்டிலேயே வந்துவிடும். குறிப்பை அப்போதே திருத்தலாம். சாய்தளக் கணக்குக்கு 10 மார்க் என்றால்: படமும் விசைகளும் 2, செங்குத்து எதிர்விசை 2, உராய்வின் அளவு 1, திசை 1, இயக்கச் சமன்பாடு 3, எண்ணும் அலகும் 1. எதிர்விசையில் செய்த பிழை கீழே தொடர்ந்து வந்தாலும், மேற்கொண்டு முறை சரியாக இருந்தால் அந்த மார்க்குகள் முழுதும் உண்டு. ஒரே பிழைக்கு நான்கு இடத்தில் வெட்டுவது அநியாயம்.

பென்சிலில் போடுங்கள். முப்பதாவது தாள் முடிந்ததும் முதல் ஐந்தை எடுத்து மறுபடி பாருங்கள். உங்கள் கை இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

குறிப்புரை எழுதுவதானால் மார்க்கை இரண்டு நாள் தள்ளிக் கொடுங்கள். ரூத் பட்லர் 1988இல் பார்த்தது பள்ளி மாணவர்களை. குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், மார்க்கும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மார்க்கைப் பார்த்த கண் அதற்குமேல் எதையும் படிப்பதில்லை. "கவனமாகச் செய்" என்பது குறிப்புரை ஆகாது. "எதிர்விசையை முழு எடைக்குச் சமமாக்கிவிட்டாய், சாய்தளத்தில் எடையின் எந்தக் கூறு தளத்தை அழுத்துகிறது என்று மறுபடி வரைந்து பார்" என்பதில் அவர் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

ஜூன் 20

கொள்குறி வினாக்களையும் திருத்திவிட்டுத் தூக்கி வைத்துவிடாதீர்கள், அதில்தான் புதையல். அதே சாய்தளக் கணக்கு, நான்கு விடைகள்: 3.2, 2.94, 4.9, 7.5. இவற்றை எங்கிருந்து எடுத்தேன் என்றால், எதிர்விசையை முழு எடை என்று வைத்தால் 2.94 வரும். உராய்வை மறந்தால் 4.9. சைனையும் கொசைனையும் மாற்றிப் போட்டால் 7.5. மாணவர் எந்த எழுத்தை வட்டமிட்டார் என்பதிலேயே அவர் எந்த வளைவில் தடம் மாறினார் என்பது வந்துவிடும்.

மொத்த மார்க்கை வைத்து 60 பேரையும் வரிசைப்படுத்துங்கள். மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம், அதாவது பதினாறு பதினாறு பேர். இந்த 27ஐ 1939இல் கெல்லி முன்வைத்தார். உதாரணத்துக்கு மேல் 16இல் 13 பேர் சரி, கீழ் 16இல் 5 பேர் சரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8, அதை 16ஆல் வகுத்தால் 0.5. நல்ல கேள்வி, தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரிக்கிறது. 0.2க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். எதிர்மறையாக வந்தால் முதலில் உங்கள் விடைக்குறிப்பைப் பாருங்கள், தவறான எழுத்தைக் குறித்திருப்பீர்கள். குறிப்பு சரி என்றால் கேள்வியின் சொற்கள் நன்றாகப் படித்தவரைக் குழப்புகின்றன.

அதற்கடுத்து, கீழ் 16 பேர் எதைத் தேர்ந்தார்கள்? எட்டுப் பேர் 2.94 என்றால், அடுத்த வகுப்பில் சொல்லவேண்டியது உங்கள் கையில் வந்துவிட்டது. 60 பேரில் ஒருவர்கூடத் தொடாத விடையை அடுத்த முறை மாற்றிவிடுங்கள்.

ஜூன் 23

நேற்று ஒருவர் 22 பேர் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டதாக எழுதியிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். சின்ன வகுப்பில் 27 சதவீதம் என்றால் ஆறு பேர். ஒருவர் தும்மினால் எண் 0.17 மாறும். முப்பதுக்குக் கீழே இருந்தால் இதை விட்டுவிட்டு, எந்தத் தவறான விடைக்கு எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுங்கள்.

ஜூன் 27

"அசைன்மென்ட்டைச் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்துவிடுகிறதே, என்ன செய்வது?" 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது. இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி ஒருவர்மேல் குற்றம் சாட்டாதீர்கள். சொந்தமாக எழுதியவரையும் அது பிடித்துவிடுகிறது, அந்தக் காயம் ஆறாது.

ஐந்து நிமிட வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, போதும். மாணவர் கொடுத்த தாளையே முன்னால் வைத்து மூன்று கேள்வி. இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது? இந்த இடத்தில் வேறு என்ன வழி இருந்தது? ஒன்றை மாற்றினால் என்ன ஆகும்? மூன்றாவதுதான் உரைகல்.

சாய்தளத்துக்கே வருகிறேன். "கெழு 0.2க்குப் பதில் 0.6 என்றால், கட்டையை ஓய்விலிருந்து விட்டால் என்ன ஆகும்?" சூத்திரத்தில் எண்ணைப் போட்டவருக்கு முடுக்கம் கழித்தல் 0.19 என்று வரும். சிலர் "கட்டை மேலே போகும்" என்று அப்படியே சொல்வார்கள். புரிந்தவர் ஒரு கணம் நின்று, "30 பாகையின் டேன்ஜென்ட் 0.577, கெழு அதைவிடப் பெரிது, கட்டை நகரவே நகராது, உராய்வு தேவையான அளவு மட்டுமே எழும்" என்பார். சிலர் பாதிவரை வந்து, "கட்டை மேலே போவது எப்படி?" என்று தங்களையே கேட்டுக்கொண்டு திருத்துவார்கள். அவர்களுக்கு முழு மார்க் கொடுங்கள். கண்முன்னே கற்றல் நடக்கிறது.

60 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். ஒரே நாளில் வைத்துக்கொண்டு நாக்கு வறளாதீர்கள். வாரம் பத்துப் பேர், சீட்டுக் குலுக்கி எடுங்கள், ஆறு வாரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள். எந்த வாரம் யார் என்று தெரியாததால் எல்லோரும் எப்போதும் தயாராக இருப்பார்கள். பேச்சு வராமல் திக்குபவருக்குத் தாளும் பேனாவும் கொடுத்து எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நாம் பார்ப்பது புரிதலை, மேடைப்பேச்சை அல்லவே.

ஜூலை 2

முதல் கேள்வி கேட்டவரே திரும்ப வந்து கேட்கிறார்: வெற்றுத்தாள் மூன்று வாரமாக நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் 60 தாளை யார் படிப்பது?

படிக்க வேண்டாம், பிரித்தால் போதும். முதலில் எல்லா வகுப்பிலும் வாங்காதீர்கள். வாரம் ஒரு நாள் வாங்கினால் போதும், மற்ற நாள் மாணவரே வைத்துக்கொள்ளட்டும். வாங்கிய தாளில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தேடுங்கள். உதாரணமாக, எதிர்விசை அம்பு சாய்தளத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா? ஒரு தாளுக்குப் பத்து வினாடி, மூன்று குவியல்: சரியாக இருப்பது, அம்பே இல்லாதது, அம்பு நேராக வானத்தைப் பார்ப்பது. 60 தாளும் பத்து நிமிடத்தில் முடியும். மார்க் போடாதீர்கள், போட்டால் அடுத்த வாரம் பக்கத்துத் தாளைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

அம்பே இல்லாத குவியல் பெரிதாக இருந்தால், விசைப்படம் வரையும் பழக்கமே வரவில்லை. இரண்டு நாள் எண் இல்லாமல் படம் மட்டும் வரையச் சொல்லுங்கள். வானத்தைப் பார்க்கும் குவியல் பெரிதென்றால், எதிர்விசை எப்போதும் எடைக்கு எதிர்த்திசையில் என்று ஆழமாக நம்புகிறார்கள். மேசைமேல் வைத்த புத்தகத்திலிருந்து வந்த நம்பிக்கை அது. அந்தக் குவியலிலிருந்து ஒரு படத்தை எடுத்து, கையெழுத்து தெரியாதபடி நீங்களே போர்டில் வரைந்து, பக்கத்தில் சரியான படத்தையும் போட்டு, "எது சரி?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒன்றரை நிமிடம் காத்திருங்கள். வாக்களிக்க மடித்த அ, ஆ, இ, ஈ தாள்கள் அவர்கள் பையில் இருக்கும்.